சிந்தாமணி யாருக்குக் கடினம்?

உயர்ந்த கலை எளிதில் விளங்காது, விளங்கிவிட்டால் அது உயர்ந்ததாக இராது என்னும் எண்ணம் கற்றோரிடையே நெடுங்காலமாக நிலவுகிறது. நன்னூல் தந்த பவணந்தி முனிவர் இதற்கு உடன்பட்டவரல்லர். சேவூருக்குக் கிழக்கே, விசயமங்கலத்தை அடுத்த சீனாபுரமே அம்முனிவரின் ஊராகிய சனகை என்று அறிஞர் பலர் கொள்வர். சீயகங்கன் வேண்ட அவர் இயற்றிய அவ்விலக்கணம், ஒரு நூலுக்குரிய அழகுகள் பத்தினை எண்ணுகிறது. பொருள் விளங்குதல் அவற்றுள் ஒன்று, ஆழமுடைமையும் ஒன்று. படிப்பவரை மயங்கவைத்தலோ குற்றங்களின் வரிசையில் நிற்கிறது. (நன்னூலைக் கண்டே மருண்ட மாணாக்கர் உண்டு என்பது வேறு செய்தி.)

அவ்வாறாயின் சீவக சிந்தாமணியை என்னென்பது? திருத்தக்கதேவரின் அக்காப்பியம் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களை உடையது, புலவரையும் திகைக்கவைத்தது.

1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையரிடம் அவர் கற்ற நூல்களைப் பற்றி வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அவற்றைப் பொருட்படுத்தவில்லை; சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கருக்கு அந்நூல் பழக்கமில்லை. கையிலெடுத்துப் படித்தபோதும், நச்சினார்க்கினியர் உரை துணையிருந்தும், சமண சமயக் கருத்துகள் வந்த இடங்களில் அவர் தடுமாறினார்.

விடை அவ்வூரிலேயே, சமணர் வீடுகளில் இருந்தது. ஒரு வீட்டு வாயிலில் தோரணம் கட்டியிருந்தது. விசேடம் என்னவென்று கேட்டபோது, பல நாள் படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்துகிறது என்றனர். கல்லூரி ஆசிரியருக்கு எட்டாதிருந்த காப்பியம், அவ்வீட்டாருக்குக் கூடியிருந்து கேட்டு மகிழும் பாராயண நூல்! அவர்கள் பொருள் சொல்ல, ஐயரின் ஐயங்கள் தீர்ந்தன. 1887இல் சிந்தாமணி உரையுடன் அச்சேறியது.

நச்சினார்க்கினியருக்கும் இதுவே நேர்ந்ததென்பது செவிவழிச் செய்தி. அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லையாம். சமண நூல்களைக் கற்ற பின்னரே மீண்டும் எழுதினாராம்.

ஆகவே சிந்தாமணியின் அருமை சொல்லில் பாதி என்றால், அதனோடு பழகாமையில் பாதி. இப்பழகாமை இன்று தமிழ்ச் சமணர் இல்லங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அச்சுநூல் பேழையில் இருக்கிறது. கூடியிருந்து படிக்கும் மாலைப்பொழுது இல்லை. ஐயம் தெளிய இன்று ஒரு தமிழாசிரியர் வந்தால், விடைசொல்லும் வீடு எத்தெருவில் உள்ளது?