பூனைக்குட்டி அழுகையும் வளைய குரோமோசோமும்

மனித செல்லில் 48 குரோமோசோம் என்று 1923-ல் பெயின்டர் எண்ணிச் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் உலகமே அதை அப்படியே நம்பியது. 1956-ல்தான் ஜியோவும் லெவானும் 46 என்று திருத்தினார்கள். (ஓப்பனிங் பேலன்ஸே தப்பு என்றால் கணக்கு எப்படி டேலி ஆகும்? பி.காம் புத்தி, விடுங்க!)

எண்ணிக்கை சரியான பிறகுதான் குறைகள் தெரிய ஆரம்பித்தன. 1963-ல் பாரிஸில் ழெரோம் லெழ்யூன், பூனைக்குட்டி போல மெல்லிய குரலில் அழும் குழந்தைகளைப் பார்த்தார். அவர்களுடைய 5-ம் குரோமோசோமின் குட்டைக் கையில் ஒரு துண்டு இல்லை.

வளைய குரோமோசோம் இன்னும் விசித்திரம். பெரும்பாலும் இரண்டு முனைகளும் ஒடிந்து, ஒடிந்த இடங்கள் ஒட்டிக்கொள்ளும். ஒடிந்த துண்டுகள் போனது போனதுதான். மனிதர்களில் தெரிவதற்கு முன்பே, 1930-களின் தொடக்கத்தில், பார்பரா மெக்ளின்டாக் இதை மக்காச்சோளத்தில் ஆராய்ந்துவிட்டார். குழந்தைகளுக்கு வளர்ச்சி குறையலாம். 20-ம் குரோமோசோம் வளையமானால் அடங்காத வலிப்பு வரும்.

எங்க கொடுங்கையூரில் இப்படிப் பிள்ளை பிறந்தால், "கிரகணத்தில் வெளியே போனியா?" என்று அம்மாவைத்தான் குடைவார்கள். எனக்கு இதுதான் ஆத்திரம். பெரும்பாலும் பெற்றோர் குரோமோசோம் சரியாகவே இருக்கும். முட்டையோ விந்தோ உருவாகும்போது நடக்கிற விபத்து இது. சில குடும்பங்களில் மட்டும் அப்பாவோ அம்மாவோ மாறிய குரோமோசோமைச் சுமப்பதுண்டு. அடுத்த குழந்தைக்கும் வருமா என்பது அதைப் பொறுத்தது. அதனால்தான் இருவருக்குமே ரத்தத்தில் கேரியோடைப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.