அயத்துப்போச்சு

நெல்லைச் சீமையின் பழைய ஆட்கள் 'மறந்துவிட்டது' என்று சொல்ல மாட்டார்கள். 'அயத்துப்போச்சு' என்பார்கள். அடுப்பில் பால் வைத்தது அயத்துப்போகும். கடைக்குப் போனவருக்கு உப்பு வாங்க அயத்துப்போகும். அயர்ப்பு என்ற பழந்தமிழ்ச் சொல்லின் பேரப்பிள்ளைதான் இது. தாய்க்குத் தன் மகனின் முகமே பிடிபடாமல் போகும்போதும் அந்த வட்டாரத்தில் இதே சொல்லைத்தான் எடுக்கிறார்கள். உப்புக்கும் ஒரு சொல், மகனுக்கும் அதே சொல். அதனால்தான் நோய் எங்கே தொடங்குகிறது என்று வீட்டில் எவருக்கும் தெரிவதில்லை.

புளியங்குடி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர். சங்கரன்கோவிலுக்குப் பக்கம், மதுரையிலிருந்து தென்காசிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை திருநெல்வேலியோடு இருந்தது. எலுமிச்சைச் சந்தையால் பெயர் பெற்ற ஊர் இது. கமிஷன் கடையில் நாற்பது ஐம்பது வருடம் உட்கார்ந்த பெரியவர்களுக்குப் பழத்தைக் கையில் எடுத்தாலே போதும். இது இன்றைக்கே போக வேண்டிய சரக்கா, நாளை வரை தாங்குமா என்று சொல்லிவிடுவார்கள். அப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். கால்மணி நேரத்துக்குள் ஐந்து தடவை "சரக்கு வந்துட்டால?" என்று கேட்கிறார். ஒரே ஆளுக்கு இரண்டு முறை பணம் எண்ணிக் கொடுக்கிறார். ஆனால் பழத்தை முன்னால் கொட்டினால் பெரியது, சிறியது, அடிபட்டது என்று கை தானாகப் பிரித்துவைக்கிறது. கை கற்றது கடைசியில்தான் போகும் என்பது மூளை மருத்துவர்கள் அறிந்த செய்தி. வீட்டார் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "வயசானா அப்படித்தான். தொழில் அயக்கலையே" என்று ஆறுதல் அடைகிறார்கள்.

'வயசானா அப்படித்தான்.' தென்தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. அதை ஒருமுறை தோற்கடித்தவர்களும் இதே மண்ணில் இருந்தார்கள்.

ஒரு காலத்தில் கண்புரைக்கும் இதையேதான் சொன்னார்கள். பாட்டி சுவரைத் தடவித் தடவி நடப்பாள். வீட்டில் அது இயல்பு. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1960-களில் கண் சிகிச்சை முகாம்களை ஊர் ஊராக நடத்தத் தொடங்கினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் திறந்தார். 1988-ல் அது திருநெல்வேலிக்கும் வந்தது. பள்ளிக்கூடத்துத் திண்ணையில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதும், டார்ச் அடித்துப் பார்ப்பதும், அறுவைக்கு உரியவர்களைப் பேருந்தில் ஏற்றிப் போய் மறுபடி ஊரில் கொண்டுவந்து விடுவதும் தென்மாவட்டங்களின் வழக்கமாகவே ஆகிவிட்டன. ஆஸ்பத்திரிக்கு ஆள் வரட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரியே தெருவுக்கு வந்தது. அதன்பின் கண்புரைக்கு 'வயசானா அப்படித்தான்' என்று சொல்கிற வீடு குறைந்தது.

கண்ணைச் சோதிக்க டார்ச் போதும். நினைவைச் சோதிக்கக் கேள்வி வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

1975-ல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மக்ஹியூ ஆகிய மூவரும் முப்பது மதிப்பெண்ணுக்கு ஒரு சிறு சோதனையை வெளியிட்டார்கள். இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள் என்று போகும். உலகம் முழுக்கப் பரவிய சோதனை அது. பேனாவையே பிடித்திராத ஒரு பீடித் தொழிலாளிப் பெண்மணியிடம் அதைக் கொடுத்தால் என்ன ஆகும்? நல்ல நினைவோடு இருப்பவரும் தோற்பார். அது பள்ளிக்கூடம் போகாததன் அளவே ஒழிய மறதியின் அளவு ஆகாது.

இதை நேர்செய்த வேலை இந்தியாவில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் நடந்தது. அமெரிக்க, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து 1990-களில் இந்திக்கு ஏற்ப அந்தச் சோதனையை மறுபடி கட்டினார்கள். மொழிபெயர்ப்பு மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கழித்தல் கணக்கு போய், கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லும் கேள்வி வந்தது. 'கண்ணை மூடுங்கள்' என்று எழுதிக் காட்டுவதற்குப் பதில், 'என் முகத்தைப் பாருங்கள், நான் செய்வதைச் செய்யுங்கள்' என்றார்கள். வாக்கியம் எழுதச் சொன்ன இடத்தில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். இந்தக் கடைசி மாற்றம் அருமையானது. எழுதத் தெரியாதவருக்கும் தன் வீட்டைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியம் இருக்கும்.

இன்னொரு ஓடை வெகுதூரத்திலிருந்து வந்தது. கனடாவின் மனிடோபா மாநிலத்துக் கிரீ பழங்குடி முதியோருக்காக ஹ்யூ ஹெண்ட்ரி, கேத்லீன் ஹால் குழுவினர் ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். பிறகு அது நைஜீரியாவின் இபாதானுக்குப் போனது. அதன் பலம் இரட்டைக் கேள்வி. முதியவரைக் கேட்பது ஒன்று. கூடவே இருக்கும் குடும்பத்தாரைத் தனியாகக் கேட்பது இன்னொன்று. பத்து வருடத்துக்கு முன்பு இவர் எப்படி இருந்தார், இப்போது என்ன மாறியிருக்கிறது என்று விசாரித்தால், படிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றம் வெளியே வந்துவிடும்.

தமிழ்நாட்டில் இதற்குள் முதியோர் மருத்துவம் வேர்விட்டிருந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978-ல் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். பத்து வருடம் கழித்து, 1988-ல், தனி வார்டு வந்தது. 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்குப் பட்டமேற்படிப்பும் வந்தது. மனநல மருத்துவர்கள் ராஜ்குமார், குமார், தாரா ஆகியோர் திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில் அறுபது வயதைத் தாண்டிய 750 பேரைச் சந்தித்து ஆராய்ந்தார்கள். 1997-ல் வெளியான அந்த ஆய்வு அவர்களில் 3.5% பேருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாகக் கண்டது. மறதி நோய் மேல்நாட்டுச் சங்கதி, நம் கிராமத்தில் கிடையாது என்ற நம்பிக்கைக்குத் தமிழ்க் கிராமம் ஒன்று சொன்ன முதற்பதில்களில் அதுவும் ஒன்று.

1998-ல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66' என்ற குழுவை அமைத்தார்கள். அன்று டிமென்ஷியா உள்ளவர்களில் 66% பேர் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் வாழ்ந்தார்கள்; ஆய்வுகளிலோ பத்தில் ஒன்றுகூட அந்த நாடுகளைப் பற்றியது இல்லை. அந்த அநியாயமே பெயராயிற்று. லண்டனின் மார்ட்டின் பிரின்ஸ் ஒருங்கிணைத்த இந்தக் குழுவில் சென்னையும் வேலூரும் இருந்தன. 25 மையங்களில் 2,885 முதியோரிடம் சோதித்துப் பார்த்த முறையை 2003-ல் வெளியிட்டார்கள். படிப்பில்லாத, ஆனால் நினைவு நன்றாக இருக்கும் முதியோரை வேண்டுமென்றே அதில் சேர்த்திருந்தார்கள். படிக்காதவரை நோயாளி என்று சொல்லாத சோதனைதான் இவர்களுக்கு வேண்டியிருந்தது.

பிறகு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கே. எஸ். ஜேக்கப் குழுவினர் கணியம்பாடி ஒன்றியத்தில் 65 வயதுக்கு மேற்பட்ட ஆயிரம் பேரைப் பார்த்தார்கள். கிடைத்த எண்கள் நின்று யோசிக்க வைப்பவை. அமெரிக்க மனநலக் கையேட்டின் அளவுகோலை வைத்தால் டிமென்ஷியா நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. 10/66 அளவுகோலை வைத்தால் 10.6%. ஊரும் ஆட்களும் மாறவில்லை. இவ்வளவு இடைவெளி எங்கிருந்து வந்தது?

பதில் வீட்டுக்குள் இருந்தது. அமெரிக்கக் கையேட்டின்படி, நோய் என்று சொல்ல அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அதைக் குடும்பம்தான் சொல்ல வேண்டும். நம் வீட்டில் என்ன நடக்கும்? மாமனாருக்குத் தட்டில் சோறு போட்டு, பிசைந்து, கையில் கொடுப்பது மருமகள். வேட்டியை எடுத்துவைப்பது பேரன். கணக்கு வழக்கு எல்லாம் எப்போதோ மகன் கைக்குப் போயிருக்கும். "அவருக்கு எதுவும் சிரமம் உண்டா?" என்று கேட்டால், "ஒரு சிரமமும் இல்லை, நல்லாத்தான் இருக்காவ" என்ற பதிலே வரும். அதில் பொய் இல்லை. அந்தச் சிரமம் முழுவதையும் வேறொருவர் சுமந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அன்பே நோயை மூடிவைத்தது. கேரளத்தின் திருச்சூர்க் குடும்பங்களில் இந்த நிலைக்கு 'சின்னன்' என்று ஒரு பெயர்கூட இருந்தது, குழந்தைத்தனம் என்ற பொருளில். பெயர் வைத்தவர்களும் அதை நோயாகக் கொள்ளவில்லை.

வயதைக் கண்டுபிடிப்பதும் பெரும்பாடு. பிறந்த தேதி எழுதிவைக்காத தலைமுறை அது. ஆய்வாளர்கள் நிகழ்ச்சிகளை வைத்து வயதைக் கணக்கிட்டார்கள். தென்கோடியில் கேட்டால் தனுஷ்கோடிப் புயல் அடித்த 1964 டிசம்பரில் உங்கள் மூத்த பிள்ளைக்கு என்ன வயது, காமராஜர் ஆட்சியில் முதியோர் உதவித்தொகை மாதம் 20 ரூபாயாக வந்தபோது, அதாவது 1962-ல், உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கலாம். நினைவைச் சோதிக்கவும் இதே வழிதான். புளியங்குடியில் கேட்கிறவர் ஆடித்தபசைத் தொட்டுத் தொடங்கலாம். சங்கரன்கோவில் தபசுக் காட்சிக்குப் போகாத முதியவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அபூர்வம். அது முடிந்து எத்தனை மாதம் ஆயிற்று, கடைசியாக யாரோடு போனீர்கள், கோமதியம்மன் சன்னதியில் புற்றுமண் யார் எடுத்துத் தந்தார்கள் என்று பேச்சுக் கொடுத்தால் தேதி, ஆள், இடம் மூன்றும் ஒரே பேச்சில் தெரிந்துவிடும்.

நோயைக் கண்டுபிடித்தாயிற்று. பிறகு?

பராமரிப்பவர்களின் சரித்திரத்தை எழுதியவர்கள் குறைவு. இரவு இரண்டு மணிக்கு எழுந்து, "வீட்டுக்குப் போணும்" என்று கதவைத் திறக்கிறார் பெரியவர். அவர் நிற்பதே அவர் கட்டிய வீடு. மருமகள் தாழ்ப்பாளுக்கு மேலே இன்னொரு தாழ்ப்பாள் போடுகிறாள், படுக்கும்முன் கேஸ் சிலிண்டரை மூடுகிறாள், குழந்தையின் கொலுசுச் சத்தம் கேட்டால் விழிப்பது போல் மாமனாரின் செருமலுக்கு விழிக்கப் பழகுகிறாள். திட்டும் வாங்குகிறாள், "இவ எனக்குச் சோறே போடல" என்று பக்கத்து வீட்டில் புகார் போகிறது. மகன் திருப்பூரிலோ சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். பணம் அனுப்புகிறார், தூக்கத்தை அனுப்ப முடியாது.

கைகொடுக்க ஆளில்லாத இடத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்பதும் தென்மாவட்டச் சரித்திரத்தில் இருக்கிறது. படுத்த படுக்கையான முதியவரின் சாவைக் குடும்பமே விரைவுபடுத்தும் 'தலைக்கூத்தல்' வழக்கம் 2010-ல் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பத்திரிகைகளில் செய்தியாயிற்று. அது கொலைதான், சட்டமும் மனசாட்சியும் வேறு பெயர் வைக்க இடமில்லை. அதைக் கண்டித்தவர்கள் எல்லோரும், அந்த வீட்டுக்கு வாரம் ஒருமுறை யாராவது போய்க் கதவைத் தட்டினார்களா என்றும் கேட்டிருக்க வேண்டும்.

கதவைத் தட்டியவர்கள் உண்டு. திருச்சூரில் டாக்டர் கே. எஸ். ஷாஜி குழுவினர் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஊரில் டிமென்ஷியா இருக்கலாம் என்று தோன்றும் முதியோரைக் குறித்துத் தரச் சொன்னார்கள். மருத்துவர் போய்ப் பார்த்தபோது குறித்த மூவரில் ஏறக்குறைய இருவருக்கு நோய் இருந்தது. கோவாவில் டாக்டர் அமித் டயஸ் குழு 81 குடும்பங்களை எடுத்துக்கொண்டது. உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து ஆறு மாதம் வீடுவீடாக அனுப்பினார்கள். அவர்கள் மருந்து மந்திரம் எதுவும் கொண்டுபோகவில்லை. இது என்ன நோய் என்று விளக்கினார்கள், கோபப்படும் பெரியவரிடம் எப்படிப் பேசுவது என்று காட்டினார்கள், மருத்துவரிடம் போக வழிசெய்தார்கள், பராமரிப்பவர் அழுதால் உட்கார்ந்து கேட்டார்கள். பராமரிப்பவர்களின் மனநலம் அளந்து பார்க்கும்படி தேறியதாக 2008-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

சென்னையில் ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தின் டிமென்ஷியாப் பிரிவான டெம்கேர்ஸ் இருக்கிறது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இரண்டும் நல்லவை. புளியங்குடியிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர். மறதியுள்ள பெரியவரை ஓர் இரவு பேருந்தில் அழைத்துப் போனவர்களுக்குத்தான் அந்தத் தூரம் தெரியும்.

நாடு முழுவதற்குமான ஆய்வு ஒன்றின்படி அறுபது தாண்டியவர்களில் 7.4% பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இதில் ஒரு பங்கு தடுக்கக்கூடியது. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறை ஆகியவை டிமென்ஷியாவுக்கு வழிவிடும் காரணங்களின் பட்டியலில் இருக்கின்றன. கண் முகாமுக்குப் பேருந்து ஏறிய பாட்டிகள் அறியாமலேயே தங்கள் நினைவுக்கும் நல்லது செய்துகொண்டிருந்தார்கள். மறதி எல்லாமே டிமென்ஷியாவும் அல்ல. பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, விழுந்து தலையில் பட்ட அடி என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் உண்டு. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்க்காமல் 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிட்டால், மீட்டிருக்கக்கூடிய நினைவையும் இழக்கிறோம்.

இன்று தமிழ்நாட்டில் கதவைத் தட்டும் கை ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். பிரஷர் கருவியைக் கையில் சுற்றிவிட்டுக் காத்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் பெரியவரிடம் நான்கு கேள்வியும், வாசலில் நிற்கும் மருமகளிடம் இரண்டு கேள்வியும் கேட்க இடமிருக்கிறது. அவளிடம் முதலில் கேட்க வேண்டியது, பெரியவரிடம் என்ன மாறியிருக்கிறது என்பது. இரண்டாவது கேள்வி, "நீங்க ராத்திரி தூங்குதியளா?" என்பது. இப்படி ஆறு கேள்விகளை அந்தத் தன்னார்வலர்களின் பயிற்சியில் அரசு சேர்க்க வேண்டும். அதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

அதுவரை வீட்டிலிருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அம்மாவோ அப்பாவோ கேட்டதையே திரும்பக் கேட்கிறார்கள், தெரிந்த தெருவில் வழி தவறுகிறார்கள், சில்லறைக் கணக்கில் தடுமாறுகிறார்கள் என்றால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். முதியோர் உதவிக்கான இலவச எண் 14567. பராமரிப்பவர் மனம் விட்டுப் பேச 'டெலி மானஸ்' எண் 14416. இரண்டிலும் தமிழில் பேசலாம்.