கேட்டு நிரப்பியதும் கேளாமல் நிரப்புவதும்: விரிதாளில் வழக்குச் சொல்

விரிதாளின் ஒரு கட்டத்தில் சில எழுத்துகளைத் தட்டியவுடன், அதே நெடுவரிசையில் முன்பே உள்ள சொல்லைக் கொண்டு கணினி எஞ்சியதை நிரப்பிக் காட்டுகிறது. ஆட்டோகம்ப்ளீட் எனப்படும் இவ்வசதி தட்டச்சு உழைப்பைக் குறைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் மொழித்தரவைப் பதிவு செய்யும் இடத்தில் அது வழக்கு வடிவங்களை ஓசையின்றி ஒன்றாக்கியும் விடுகிறது. இதன் வேர் அவ்வசதியின் வரலாற்றில் நேர்ந்த ஒரு மாற்றத்தில் உள்ளது.

1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனம் உருவாக்கிய டெனெக்ஸ் இயங்குதளத்தில், கட்டளையின் முற்பகுதியைத் தட்டி எஸ்கேப் விசையை அழுத்தினால் மீதி நிரம்பும். பின்னர் யுனிக்ஸ் உலகுக்கு அதே முறையைக் கொண்டுவந்த டிசி-ஷெல்லின் பெயரிலுள்ள 'டி' டெனெக்ஸையே குறிக்கிறது. இரண்டிலும் பயனர் கேட்டால்தான் கணினி நிரப்பும். 1979இல் வெளிவந்த விசிகால்க்கும் 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3யும் முதன்மையாகக் கணக்கீட்டுக் கருவிகள். காலப்போக்கில் விரிதாள் பெயர்ப்பட்டியல்களின் இருப்பிடமாகவும் ஆனது. எக்செல் 95 பதிப்பில் ஆட்டோகம்ப்ளீட் அறிமுகமானபோது பழைய விதி தலைகீழானது. பயனர் கேட்பதற்கு முன்பே கணினி சொல்லை நீட்டுகிறது. என்டர் விசையை அழுத்தினால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். மறுப்பவர்தான் தனியாக டெலீட் விசையை அழுத்த வேண்டும்.

தட்டிய எழுத்துகள் நெடுவரிசையில் ஒரே ஒரு பதிவோடு பொருந்தினால் மட்டுமே எக்செல் மீதியை நீட்டும். வெறும் எண்களையும் தேதிகளையும் அது நிரப்புவதில்லை. ஆகவே, ஒரு சொல் மற்றொன்றின் முற்பகுதியாக அமையும்போதுதான் இடர். அப்போதும் குறுகிய வடிவம் நீளுமேயன்றி, நீண்ட வடிவம் குறுகாது. பிழை எப்போதும் ஒரே திசையில் நிகழ்கிறது.

பாலக்காடு மாவட்டத்து எலப்புள்ளியை எடுத்துக்கொள்வோம். 1956 வரை மலபாரின் பகுதியாகச் சென்னை மாநிலத்தில் இருந்து, பின்னர் கேரளத்தில் சேர்ந்த இந்நிலப்பரப்பில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. எலப்புள்ளி என்பது ஊராட்சியின் பெயர். அதனுள் எலப்புள்ளி-1, எலப்புள்ளி-2 என இரு வருவாய்க் கிராமங்கள் உள்ளன. நெடுவரிசையில் 'எலப்புள்ளி-1' மட்டும் பதிவாகியிருக்க, ஊராட்சியைக் கருதி 'எலப்புள்ளி' என்று தட்டி என்டரை அழுத்தினால், அடுத்த கட்டத்திலும் 'எலப்புள்ளி-1' என்றே விழும்.

ஊர்ப்பெயர்ப் பிழையைப் பின்னர் சரிபார்த்துத் திருத்தலாம். பேச்சு வடிவத்தின் நிலை அதனினும் கடினம். பேச்சுத் தமிழில் இறுதி ஒற்று கெடுவது பரவலான இயல்பு: 'அவள்' என்பது 'அவ' ஆகிறது, 'வந்தாள்' என்பது 'வந்தா' ஆகிறது. அதாவது பேச்சு வடிவம் பல இடங்களில் எழுத்து வடிவத்தின் முற்பகுதியாகவே நிற்கிறது. எழுத்து வடிவம் முன்பே பதிவாகியிருந்தால், பேச்சு வடிவம் அதனுள் கரைந்துபோகும்.

இவ்வட்டாரத்தில் இது சிறு செய்தியன்று. மலையாள வினைமுற்று இடத்தையும் பாலையும் எண்ணையும் விகுதியால் காட்டுவதில்லை. ஏ. ஆர். ராஜராஜவர்மா 'கேரளபாணினீயத்தில்' கூறிய ஆறு நயங்களுள் 'புருஷபேதநிராசம்' எனப்படுவது இந்த விகுதி இழப்பே. விகுதி முழுமையாக ஒலிக்கிறதா, தேய்கிறதா, மறைகிறதா என்பதே எல்லைப்புற வழக்காய்வின் மையக் கேள்வியாக இருக்கையில், விகுதியைச் சேர்த்தது பேசியவரா மென்பொருளா என்று தெரியாத தரவு பயனற்றது. எந்த எழுத்தை மனிதர் தட்டினார், எதைக் கணினி நிரப்பிற்று என்பதைக் கோப்பு காட்டுவதில்லை.

எக்செல்லின் மற்றொரு தானியங்கிச் செயல் 'செப்ட்1', 'மார்ச்1' போன்ற மரபணுக் குறியீடுகளைத் தேதிகளாக மாற்றிவந்தது. 2020இல் மரபணுப் பெயரிடல் குழு அக்குறியீடுகளையே மாற்றி அமைத்தது. மரபணுவுக்கு வேறு பெயர் சூட்டலாம். மென்பொருளுக்கு ஏற்ப மக்கள் பேச்சை மாற்ற இயலாது.

எக்செல்லில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு வழியே சென்று ஆட்டோகம்ப்ளீட் குறியை நீக்கலாம். லிப்ரெஆபிஸ் கால்க்கில் டூல்ஸ் பட்டியலில் ஆட்டோஇன்புட் உள்ளது. எக்செல்லில் இந்த அமைப்பை ஒரு நெடுவரிசைக்கு மட்டும் தனியாக மாற்ற முடியாது. எனவே கேட்ட வடிவங்களை வசதியை அணைத்துவைத்துத் தனி அமர்வில் பதிவதும், ஊர்ப்பெயர்களை முன்பே வரையறுத்த பட்டியலிலிருந்து தேர்வதும் பாதுகாப்பானவை.

தரப்படுத்துதல் தவறன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் கூறிய 19,569 தாய்மொழிப் பெயர்கள் ஆய்வுக்குப் பின் 1,369 ஆகத் தொகுக்கப்பட்டன. அத்தொகுப்பை எவரும் ஏற்கலாம், மறுக்கலாம். முதல் எண்ணும் இறுதி எண்ணும் வெளிப்படையாக இருப்பதால்தான் அது இயலுகிறது. ஆய்வாளரின் விரிதாளிலும் கேட்ட வடிவத்துக்கு ஒரு நெடுவரிசையும் தரப்படுத்திய வடிவத்துக்கு வேறொரு நெடுவரிசையும் இருப்பதே முறை.