ஹிகிகோமோரி
பெயர்ச்சொல், ஜப்பானியம். பள்ளி, வேலை, நட்பு அனைத்திலிருந்தும் விலகி, மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே அடைந்து வாழும் நிலை. அப்படி வாழ்பவரையும் குறிக்கும்.

'ஹிகு' என்றால் இழுத்தல். 'கோமோரு' என்றால் உள்ளே அடைந்திருத்தல். வேண்டுதலுக்காகக் கோயிலில் தங்கியிருப்பதற்கும் பழைய ஜப்பானியத்தில் 'கோமோரு' வழங்கியது. அது பக்தி, இதுவோ ஒடுக்கம்.

மனநல மருத்துவர் சைட்டோ தமாகி 1998இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு சொல் பரவலானது. இது ஒரு நோயின் பெயர் அன்று. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் விலகலையே ஜப்பான் அரசின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டி இப்படி அழைத்தது. மனச்சோர்வு முதலியவை உடனிருக்கலாம்.

இளைஞர் சிக்கலாகவே முதலில் கருதப்பட்டது. ஆனால் 40 முதல் 64 வயதுக்குள் மட்டும் சுமார் 6.1 லட்சம் பேர் என்று 2019இல் அரசு மதிப்பிட்டது. 80 வயதுப் பெற்றோர் 50 வயதுப் பிள்ளையைத் தாங்கும் நிலைக்கு '8050 சிக்கல்' என்று பெயர்.

உதவி பெரும்பாலும் குடும்பத்திடமிருந்தே தொடங்குகிறது. ஆதரவு மையங்கள் முதலில் பெற்றோருடன் பேசும். அறைக்குள் இருப்பவரை வலுக்கட்டாயமாக வெளியே இழுப்பதில்லை. வேலை தேடச் சொல்வதற்கு முன், கேள்வி கேட்காமல் உட்கார ஓர் இடம் தருவார்கள். அதற்கு 'இபாஷோ' என்று பெயர்.