கல்லுக்குக் கிடைத்த இடம்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியில், நாலந்தாவில் கிழக்கே சற்று உள்ளே சென்றால் ஒரு கற்றளியைக் காணலாம். பல்லவர் கலைச்சாயல் படிந்த பௌத்த ஆலயம் அது. மகாவலித் திட்டத்தின் கீழ் போவத்தென்ன நீர்த்தேக்கம் உருவானபோது அது நீரில் மூழ்க இருந்தது. 1970களில் அதைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டு நிலத்தில் மீண்டும் அடுக்கினார்கள். 1980இல் பணி நிறைவுற்றது. போற்ற வேண்டிய செயல்தான். ஆனால் அதே வீதியால் நடந்து வந்த மனிதர்களுக்கு இந்த மண்ணில் என்ன இடம் கிடைத்தது?

மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் காடு கடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாகவே மாத்தளைக் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலே மாண்டோர் பலர். அவர்கள் வந்து சேர்ந்த நிலம் எப்படித் தோட்டமாயிற்று என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்றது. கண்டிப் பிரதேசத்துச் சேனை நிலத்துக்கு உரிமை கோரியவன் சன்னசு காட்ட வேண்டும், அல்லது வழமையான வரி செலுத்தியதை நிறுவ வேண்டும். பாட்டன் காலத்திலிருந்து மாறி மாறிக் காடு வெட்டி விதைத்தவனிடம் ஓலை ஏது? அவ்வாறு முடிக்குரியதான காணி ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியோரில் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர். 1848இல் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு நாய் வரியையும் துவக்கு வரியையும் காரணமாகச் சொல்வார்கள். அவற்றின் அடியில் இந்தக் காணிப் பிரச்சினையும் கிடந்தது.

கிராமத்தான் நிலமிழந்தான். அந்த நிலத்தில் உழைக்க வந்தவனுக்கோ நிலமே கிடைக்கவில்லை, லயம் கிடைத்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னே ஒரு சிறு விறாந்தை. கோப்பி பருவப் பயிர். ஆய்ந்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். சில மாதத் தங்கலுக்குப் போதும் என்று கட்டப்பட்ட கொட்டில், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை வந்தபின், ஆண்டு முழுவதும் வாழும் வீடாகிவிட்டது. பயிர் மாறியது, கட்டட முறை மாறவில்லை. வேலை போனால் அறையும் போகும் என்ற விதியும் மாறவில்லை. சி.வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டது வெறும் அலங்காரமன்று.

சுதந்திர இலங்கை நீதி செய்ய முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. பழைய அநியாயத்துக்குப் பரிகாரமாகக் கிராமத்தவருக்குக் காணி பகிரப்பட்டது. 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்திருந்த தோட்டத் தொழிலாளருக்கு அதில் பங்கில்லை. மாத்தளை, கண்டிப் பகுதிகளில் வேலையும் லயமும் ஒருசேர இழந்து வவுனியாப் பக்கம் போனோர் அநேகர்.

1973இல் வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டமோ நகரத்து வாடகைக் குடியிருப்பாளரை வீட்டுக்குச் சொந்தக்காரராக்கியது. கொழும்புச் சேரித் தோட்டத்து ஏழைகள் பலர் அதனால் பயன்பெற்றார்கள். லயத்தில் இருந்தவன் வாடகை கொடுப்பவனல்லன். வேலையோடு சேர்ந்து அறை பெற்றவன். ஆகவே அந்தச் சட்டத்தின் கண்ணில் அவன் படவில்லை. இரு இடத்துக்கும் ‘தோட்டம்’ என்றே பெயர் என்பது நம் மொழியின் குறும்பு!

2015க்குப் பின் தோட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு என்ற திட்டம் வந்தது. ஏறத்தாழ 177 சதுர மீற்றர். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1986ஆம் ஆண்டு விதிகள் நெருக்கடியான நகரத்து வீட்டுக்குக் குறித்த ஆகக் குறைந்த அளவு 150 சதுர மீற்றர். சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஏக்கர் விரிந்து கிடக்கும் மலையில் நகரத்து அளவுகோல் ஏன் வந்தது என்று இதுவரை எவரும் திருப்தியாக விளக்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

வீடு மட்டும் போதுமா? பாதை வேண்டாமா? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில், தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடத் தடையாக ஒரு பிரிவு இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினரே அவர்கள் லயத்துக்கு ஒரு பாதை போட இயலாதிருந்தார். அந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது.