வியன்னாவின் சிறார் ஓவிய வகுப்பு: 'கற்பிக்காத ஆசிரியர்' என்னும் கருத்து பற்றிய மறுவாசிப்பு

சிறாருக்கான ஓவியக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஃபிரான்ஸ் சிஷெக்கின் (1865–1946) வியன்னா வகுப்பையே தொடக்கமாகக் கொள்கின்றனர். அவ்வகுப்பைப் பற்றி அவர்களிடம் நிலவும் கருத்தோ, பெரிதும் வில்ஹெல்ம் வியோலா 1936இலும் 1942இலும் ஆங்கிலத்தில் வெளியிட்ட இரு நூல்களின்வழி வந்தது. குழந்தையின் கலை தனக்கே உரிய விதிகளின்படி வளர்வது, அதில் பெரியவர் கைவைக்கலாகாது, சிஷெக்கின் பெருமை கற்பித்ததில் அன்று, கற்பிக்காமல் விலகி நின்றதிலேயே உள்ளது என்பது வியோலாவின் வாசிப்பு. நன்றியுள்ள சீடர் ஒருவரின் வாசிப்பு என்ற அளவில் அது மதிக்கத்தக்கதே. வகுப்பில் நடந்ததற்கான சான்றாக அதனை ஏற்பதில்தான் இடர்ப்பாடு உள்ளது.

வியோலாவுக்குப் பதினைந்து ஆண்டுகள் முற்பட்ட சிறு வெளியீடு ஒன்று இங்கே கவனத்துக்குரியது. முதல் உலகப் போருக்குப் பின் நிவாரணப் பணிக்காக வியன்னா சென்றிருந்த ஃபிரான்செஸ்கா வில்சன், சிஷெக்கின் ஒரு நாள் வகுப்பை நேரில் கண்டு எழுதிய குறிப்பு அது, 1921இல் அச்சானது. அன்றைய பொருள் இலையுதிர்காலம். பொருளை அறிவிப்பவர் ஆசிரியர். பருவத்தை ஓர் உருவமாக வரையுமாறு சொல்பவரும் அவரே. வரைந்து முடித்தபின் படங்களை அனைவர் முன்னிலையிலும் வைத்து, எது தேறியது, எது தேறவில்லை என்று மதிப்பிடுபவரும் அவரே. பருவத்தை மனித வடிவில் காண்பது ஐரோப்பியக் கலை மரபில் நெடுங்காலம் பயின்றுவந்த உத்தி என்பதால், குழந்தைகள் தாமாகவே அதற்கு வந்துசேர்ந்தனர் என்று கொள்வது கடினம். ஒரே நாளின் பதிவைக்கொண்டு பல்லாண்டு நடைமுறையை அளக்கலாமா என்ற மறுப்பு எழக்கூடும், அது நியாயமானதே. எனினும் வில்சன் சிஷெக்கைக் குறைகூற வந்தவர் அல்லர், அவரை இங்கிலாந்துக்கு அறிமுகப்படுத்தியவர். போற்ற வந்தவரின் எழுத்திலேயே ஆசிரியரின் கை இவ்வளவு தெளிவாகப் புலப்படுமாயின், அச்சான்றின் வலிமை கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

படங்களும் இதற்கு மாறாகப் பேசவில்லை. 1920களில் புகழ்பெற்ற லினோலிய அச்சுப் படங்களில் (லினோலியத் தகட்டில் உருவத்தைச் செதுக்கி மையிட்டு ஒற்றியெடுப்பவை) காணப்படும் தட்டையான வண்ணப் பரப்பும், தடித்த புறக்கோடும், அலங்கார விளிம்பும், கல்விக்கழக மரபிலிருந்து 1897இல் பிரிந்த 'செசஷன்' ஓவியர்களின் நகரத்துக்கே உரிய பாணியாகும். சிஷெக் அக்குழுவினரின் நண்பர்; அலங்கார வடிவங்களைக் கற்பித்த பேராசிரியர். 1925இல் தாமஸ் மன்றோவும் இவ்வகுப்பின் தன்னிச்சை வெளிப்பாடு பற்றி ஐயம் எழுப்பினார். அந்த ஐயத்துக்கு உரிய இடம் பின்னர் கிடைக்கவில்லை.

அப்படியானால் 'கற்பிக்காத ஆசிரியர்' என்ற தோற்றம் எங்கிருந்து வந்தது? 1920இல் லண்டனில் நடந்த கண்காட்சியே இதற்கு முதன்மைக் காரணமாக இருத்தல் வேண்டும். போரில் தோற்ற நாட்டின் பசித்த குழந்தைகளுக்காகக் குழந்தைகள் காப்பு நிதியத்தின் ஆதரவோடு நடந்த அக்கண்காட்சியில், படங்கள் கலைப்பள்ளியின் பயிற்சியாகத் தோன்றுவதைவிடக் கலப்பற்ற குழந்தை உள்ளத்தின் ஊற்றாகத் தோன்றுவதே காண்போரின் இரக்கத்தைத் தூண்ட ஏற்றது. அமைப்பாளர்கள் இதனைத் திட்டமிட்டே செய்தனர் என்பதற்கு நேரடி ஆவணம் காட்ட இயலாது. சூழலே இவ்வனுமானத்துக்கு ஆதாரம்.

வகுப்பின் காலவரிசையிலும் முழுத் தெளிவில்லை. தொடக்கம் 1897 என்பதே பெருவழக்கு. வியன்னாவின் தொழிற்கலைப் பள்ளியோடு அது இணைந்த ஆண்டை 1903 என்றும் 1904 என்றும் நூல்கள் வேறுபடக் கூறுகின்றன. எதனை ஏற்பினும், வகுப்பு தன் புகழின் உச்சத்தை எட்டியது தொழில்முறைக் கலைஞர்களை உருவாக்கிய பள்ளியின் கூரைக்குக் கீழேதான். வியோலா அழுத்தம் தராத செய்தி இதுவே.

அப்பள்ளியில் சிஷெக்கிடம் பயின்ற ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ், 1942 முதல் 1944 வரை டெரெசீன் வதைமுகாமில் அடைபட்ட சிறுவர்களுக்கு ஓவியம் கற்பித்தார். பழைய ஓவியங்களைப் பார்த்து வரைதல், காகிதம் வெட்டி ஒட்டுதல், தாள அசைவுகளைக் கோடாக்குதல் என வகுத்தமைத்த பயிற்சிகளை அவர் தந்தார். இம்முறையில் சிஷெக்கின் பங்கு எவ்வளவு, டிக்கர்-பிராண்டைஸின் மற்றோர் ஆசிரியரான யோகன்னஸ் இட்டனின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. ஆனால் அது விலகி நின்ற ஆசிரியரின் முறை அன்று. சிஷெக்கின் வழிவந்த பள்ளி முயற்சிகளை மதிப்பிடுவோர் வியோலாவின் நூல்களை வில்சனின் 1921 குறிப்போடு ஒப்பிட்டே பயன்படுத்துதல் வேண்டும்.