எதிரெதிரே இரண்டு மாளிகைகள்

பெங்களூரில் கப்பன் பூங்காவை ஒட்டிய வீதியில், 1956-ல் கட்டி முடிக்கப்பட்ட சட்டமன்ற மாளிகையான விதான சௌதாவும், ஒரு காலத்தில் பதினெட்டு இலாகாக்கள் இயங்கியதால் அட்டார கச்சேரி என்று பெயர் பெற்று இன்று உயர் நீதிமன்றமாக விளங்கும் செந்நிறக் கட்டடமும் எதிரெதிரே நிற்கின்றன. மனிதனுடைய அந்தரங்கத்தைப் பற்றி இந்தத் தேசம் கற்ற பாடங்களில் இரண்டு இவ்விரு மாளிகைகளோடும் சம்பந்தப்பட்டவை.

கர்நாடக முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டேயின் ஆட்சியில் அரசியல்வாதிகளின் தொலைபேசிப் பேச்சுகள் ஒட்டுக்கேட்கப்பட்டன என்ற புகார் எழுந்து நாடெங்கும் பரவவே, 1988 ஆகஸ்டில் அவர் விதான சௌதாவில் வகித்த அப்பதவியைத் துறந்தார். பிறர் பேச்சைக் கள்ளத்தனமாகக் கேட்பது ஓர் ஆட்சியின் தலைவரையே இறக்கிவிடத்தக்க அபவாதம் என்பதை அன்று ஜனங்கள் கண்டார்கள்.

எதிர்ப்புறத்து நீதிமன்றத்தில் 1977 முதல் 1986 வரை நீதிபதியாக வீற்றிருந்த கே. எஸ். புட்டசாமி, ஓய்வு பெற்று நெடுங்காலம் கழித்து, தமது 86-ஆம் வயதில், ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். 1954, 1962 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளைக் காட்டி, அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என அரசாங்கம் வாதாடியது; ஆனால் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள உரிமையிலேயே அதுவும் அடங்கியது என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது.

இன்றோ ஒட்டுக்கேட்க ஆள் வேண்டியதில்லை. நாம் திறக்கும் வலைத்தளமே, நம் உலாவியில் கூடுதல் வசதிக்காக நாம் நிறுவிய நீட்சிகள் என்னும் சிறு நிரல்களை மௌனமாகச் சோதிக்க வல்லது. குரோம் உலாவியில் ஒவ்வொரு நீட்சிக்கும் 32 எழுத்துகளாலான மாறாத அடையாளம் உண்டு. அதைச் சொல்லி, அந்த நீட்சி வெளியார் எடுக்கும்படி வைத்துள்ள ஒரு சிறு படத்தைத் தளம் கேட்கிறது. படம் வந்தால் நீட்சி இருக்கிறது என்று அர்த்தம். இப்படி நூற்றுக்கணக்கானவற்றைக் கணப்பொழுதில் விசாரித்தால், பார்வை குன்றியவர் எழுத்தைப் பெரிதாக்க வைத்ததும், வேலை தேடுபவர் விண்ணப்பத்துக்காக வைத்ததும், பக்தர் பிரார்த்தனை வேளையை அறிய வைத்ததும், வைத்தவரையே காட்டிக்கொடுத்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி ஒவ்வொரு நிறுவலுக்கும் வெவ்வேறு அடையாளம் கொடுத்து இந்த வழியை அடைத்திருக்கிறது. ஆகவே மனமிருந்தால் அடைக்க முடியாத வழியன்று இது.

வாசகர்கள் தமக்கு வேண்டாத நீட்சிகளை இன்றே நீக்கிவிட வேண்டும். கணினித் தொழிலால் உலகப் பெயர் பெற்ற இந்நகரில் நிரல் எழுதி வாழும் இளைஞர்களோ, தம் ஊர் முதியவர் ஒருவர் பெற்றுத்தந்த உரிமையை நினைத்து, கேளாமல் பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் நிரலை எழுத மறுக்க வேண்டும்.